நாவலூரில் பிறந்த ஆரூரன்: ஓர் ஊர்ப்பெயர் ஆட்பெயரான வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். ஆனால் அங்கே அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சுந்தரமூர்த்தி அன்று. நம்பி ஆரூரர் என்பதே பிள்ளைப்பெயர். திருமுனைப்பாடி நாட்டில் பிறந்த குழந்தைக்குச் சோழநாட்டுத் திருவாரூரின் பெயர் ஏன்? பிறந்த ஊரான நாவலூர் ஏன் அவருக்குப் பெயராகவில்லை? தமிழர் பெயரிடுமுறையில் ஊர் எந்த வழியாக ஆளின் பெயருக்குள் நுழைகிறது என்பதை ஆராய இந்தச் சிறு முரணே போதுமான வாசல்.

ஊரைக் கொண்டு ஆளை அழைப்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயரை முதலில் வைக்கிறது. மருதத்திணைத் தலைவனுக்கு ‘ஊரன்’ என்றே பெயர். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார், மாங்குடி மருதன் எனச் சங்கப் புலவர் பலரை ஊர் இல்லாமல் அடையாளம் காணவே முடியாது. ஆனால் இவையெல்லாம் பிறர் இட்டு வழங்கியவை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை யாரும் ‘கோவூர் கிழார்’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வளர்ந்தவனுக்கு ஊரார் தரும் பெயர் ஒன்று, பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் சூட்டும் பெயர் வேறொன்று. பெயராய்வுகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

ஆரூரன் இரண்டாம் வகை. ‘தம்பிரான் அருளினாலே’ அப்பெயர் சாற்றப்பட்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் கதை கொஞ்சம் நகர்ந்ததும் வேறொரு விடை தானாக வெளிப்படுகிறது. புத்தூரில் திருமணப் பந்தலுக்கு முதியவராக வந்த இறைவன், மணமகன் தமக்கு அடிமை என்று வழக்காடுகிறார். காட்டிய ஓலையை நம்பி கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வருகிறது. அந்த ஆளோலையை எழுதிக்கொடுத்தவர் நம்பியின் பாட்டனார், அவர் பெயரும் ஆரூரன். அவையினர் பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) எழுதப்பட்ட நூல் இது. ஆவணங்களை மெய்ப்பிக்கும் முறையை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வது, சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் எழுதியது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, பாட்டன் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது. பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் ‘பேரன்’ என்பார்கள். ஆரூர் என்ற ஊர்ப்பெயர் நாவலூர்க் குடும்பத்துக்குள் குறைந்தது மூன்று தலைமுறையாக இருந்தது. சிவனுக்கு வழிவழி அடிமை செய்த குடும்பம் என்னும் செய்தியோடு சேர்த்துப் பார்த்தால், பெயரில் ஏறிய ஊர் குடியிருந்த ஊர் அன்று, பக்தி கொண்ட ஊர் என்று கருதலாம்.

பிறந்த ஊர் என்ன ஆயிற்று? அவர் பதிகங்களின் இறுதிப் பாடல்களில் கையொப்பமாக வந்து நின்றது. ஆரூரன், ஊரன், நம்பி, வன்தொண்டன் என்பவற்றோடு நாவலூரன், நாவலர்கோன் என்ற பெயர்களையும் சுந்தரர் இட்டுக்கொள்கிறார். இந்த ‘நாவலர்’ நாவன்மை உடையவர் அல்லர், நாவலூரார். சம்பந்தர் காழியைத் தம் பெயருக்கு முன்னால் அடையாக வைப்பார். அவர் பெயர் வேறு, ஊர் வேறு. சுந்தரருக்கோ இரண்டு ஊர்கள். ஒன்று பெயராகவும் மற்றொன்று முகவரியாகவும் பணி செய்கின்றன. திருத்தொண்டத்தொகையில் முதல் பத்துப் பாடல்களும் ஆரூரன் என்ற தன்பெயரோடு முடிகின்றன. பதினோராவதில் தந்தை சடையனையும் தாய் இசைஞானியையும் சொல்லுமிடத்தில்தான் நாவலூர் வருகிறது. பெற்றோரைச் சொல்லும் இடமே பிறந்த ஊரைச் சொல்லும் இடமும்.

சுந்தரர் காலத்தை 8ஆம் நூற்றாண்டு என்பாரும் 9ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. அவர் பாடிய கழற்சிங்கன் எந்தப் பல்லவன் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கும் விவாதம் அது. நமக்கு வேண்டியது 10ஆம் நூற்றாண்டு. முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் திருநாவலூர்ப் பகுதியில் படையோடு தங்கியிருந்தான். கல்வெட்டுகளில் கோயில் திருத்தொண்டீச்சரம் எனப்படுகிறது, ஊர் இராசாதித்தபுரம் ஆகிறது. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டுகளும் இதே கோயிலில் உள்ளன. இளவரசன் பெயர் ஊரில் ஒட்டவில்லை. ஆனால் ‘நாவலூர்’ என்ற பெயரும் அலுங்காமல் தப்பவில்லை. ஆங்கிலேயர் கால ஆவணங்களிலும் ‘எபிகிராபியா இண்டிகா’வில் ஹூல்ச் வெளியிட்ட கல்வெட்டுப் பதிப்பிலும் ஊரின் பெயர் திருநாமநல்லூர். நாவல் மரம் ‘நாம’மாகிவிட்டது. கோயிலின் தலமரம் நாவலாக இருந்தும் இந்தத் திரிபு நடந்திருக்கிறது. ஆரூரையும் ஆர் என்னும் ஆத்தி மரத்தோடு சேர்த்துப் பொருள் கொள்வதுண்டு. அப்படியானால் நம்பியின் பெயரும் மரம், ஊரும் மரம்.

சோழர் கல்வெட்டுகளில் ஆரூரன் என்ற ஆட்பெயர் வருகிறது. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தொரு மத்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட பெயர்க்கோவை, இத்தகைய பெயர்களின் அமைப்பைப் பார்க்கச் சிறந்த கருவி. சோழநாட்டு உடைமையாளர் பெயர் பெரும்பாலும் மூன்று படி கொண்டது: உடைமையூர், தந்தை பெயர், தன் பெயர். கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவிக்காகக் கற்றளி எடுப்பித்தவன் ‘ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன்’. இன்று நாம் இனிஷியல் என்று சுருக்கி எழுதுவது இதே வரிசைதான். சொந்த ஊர் முன்னால் நிற்கும். தன் பெயரில் ஓர் ஊர் வந்தால், அது பெரும்பாலும் பாடல் பெற்ற ஊராக இருக்கும். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலில் தில்லையழகி போன்ற பெயர்களைக் காண்கிறோம். சுந்தரர் கதை தந்த பெயரும் ஒன்று 11ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றது. முதலாம் இராசேந்திரனின் அணுக்கியார் பரவை நங்கை, திருவாரூர்க் கோயிலுக்குப் பொன்னை வாரி வழங்கியவர், சுந்தரர் மனைவியின் பெயரைத் தாங்கியவர். அவர் பெயரால் விழுப்புரம் அருகே பனையபுரம் ‘பரவைபுரம்’ ஆனது. ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர்களுக்கு நடுவே, ஆளிலிருந்து ஊருக்குத் திரும்பிய பெயர் இது.

பிறகு ஏன் ஆரூரன் அருகிப்போனான்? என் கணிப்பில் தெய்வப்பெயர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதே முதன்மைக் காரணம். சோழர் கல்வெட்டுகள் வீதிவிடங்கர் என்று சொன்ன திருவாரூர்ப் பெருமான் பிற்காலத்தில் தியாகராசர் என்றே அறியப்பட்டார். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் 18ஆம் நூற்றாண்டில் திருவாரூரிலேயே பிறந்தவர்கள். 1767இல் பிறந்தவர் தியாகராசர். 1775இல் பிறந்தவருக்கு வைத்தீசுவரன்கோவில் முருகனான முத்துக்குமாரசுவாமியின் பெயரையொட்டி முத்துசுவாமி. 1762இல் பிறந்தவருக்கு வேங்கடசுப்பிரமணியன், செல்லமாகச் சியாமா. ஊரின் பெயர் ஒருவருக்கும் இல்லை. தெலுங்கு, தமிழ்ப் பிராமணக் குடும்பங்களின் வழக்கத்தை மட்டும் வைத்து எல்லோரையும் அளந்துவிட முடியாது, உண்மைதான். ஆனால் மற்றக் குடிகளிலும் தியாகராசன் பெருகியதைப் பார்க்கும்போது போக்கு ஒன்றாகவே தெரிகிறது. சுந்தரரிடமும் இதுவே நடந்தது. நம்பி ஆரூரரின் பெயரை வைக்க விரும்பியவர்கள் பிள்ளைக்குச் சுந்தரமூர்த்தி என்று பெயரிட்டார்கள்.

ஊர்ப்பெயர்கள் ஒழிந்துபோயின என்று இதற்குப் பொருளில்லை. சிதம்பரம், பழனி, அண்ணாமலை, குற்றாலம் எல்லாம் விகுதிகூட இல்லாமல் ஆட்பெயர்களாக வாழ்ந்தன. திருநாவலூருக்குத் தெற்கே அடுத்த பெரிய தலம் விருத்தாசலம். சுந்தரர் காலத்தில் அது முதுகுன்றம். அங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. (‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாம் கேலியாகச் சொல்வதை அவர் செய்து காட்டியிருக்கிறார்.) அந்த ஊரின் வடமொழிப்பெயர் நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பிள்ளைப்பெயராகப் பரவியது. 1883இல் துள்ளத்தில் பிறந்த திரு.வி.க.வின் முழுப்பெயர் திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம்: மூதாதையர் ஊர், தலத்தின் பெயர் தாங்கிய தந்தை, தெய்வப்பெயர் தாங்கிய மகன். ஆலத்தூருடையான் பெயரின் அதே மூன்று படி. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த இன்னொரு விருத்தாசலம் தன் ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் புதுமைப்பித்தன் ஆனார். ‘பித்தன்’, சுந்தரர் முதன்முதலில் இறைவனைக் கூப்பிட்ட சொல். தற்செயல்தான், ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

20ஆம் நூற்றாண்டின் தனித்தமிழ் இயக்கம் பெயர்களைத் தோண்டி எடுத்தது. மறைமலையடிகளின் இயற்பெயரான வேதாசலம் என்பதும் திருக்கழுக்குன்றத்தைக் குறிக்கும் தலப்பெயரே. 1916இல் அது மறைமலை ஆனது. இந்த அலையில்தான் ஆரூரன் மறுபடி தொட்டிலுக்கு வந்தான். தமிழ் மறுமலர்ச்சியும் திராவிட தேசியமும் குறித்து 1980இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியரின் பெயரே நம்பி ஆரூரன். ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம் வீடுதோறும் படிக்கப்பட்ட ஈழத்திலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தோரிடையிலும் ஆரூரன் இன்றும் அரிதாகவேனும் வழங்குகிறது. ஈழத்தில் தலப்பெயர் எவ்வளவு உறுதியாக ஒட்டும் என்பதற்குக் கதிர்காமர் சான்று. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த லட்சுமண் கதிர்காமர் கடைசிவரை கதிர்காமத்தைப் பெயரில் சுமந்தார்.

நாவலூரனுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. பிள்ளைக்கு அப்பெயர் வைத்தால், கேட்பவர் ‘எந்த நாவலூர், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறதே அதுவா?’ என்பார். நாவலன் என்று சுருக்கினால் பேச்சாளன் என்று பொருள் மாறிவிடும். பெயருக்கு வலுத் தர நாவலூருக்குப் பதிகம் இல்லாமலும் இல்லை. சுந்தரரே தம் ஊரைப் பாடியிருக்கிறார், அதில் தம்மை வளர்த்த நரசிங்க முனையரையரையும் மறக்கவில்லை. ஆனாலும் நாவலூர் யாருக்கும் வேண்டிக்கொள்ளும் ஊராகவில்லை, சுந்தரர் பிறந்த ஊராகவே நின்றுவிட்டது. ஆடிச் சுவாதிக்கு அங்கே கூடுபவர்கள் நாவலூரனைக் காண வருவதாகச் சொல்வதில்லை, சுந்தரர் குருபூசைக்கு வருவதாகவே சொல்கிறார்கள். வெண்ணெய்நல்லூர் அவையில் வாசிக்கப்பட்ட மூல ஓலையிலும் வரிசை இதுதான்: எழுதிக்கொடுத்தவரின் ஊராக நாவல் முதலில் வருகிறது, பெயராக ஆரூரன் அடுத்து வருகிறது.