யாருக்காகக் காத்திருந்தது அச்சு?

அமெரிக்கச் சிற்றூர்களில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு ஏழு, ஏழரை மணிக்குப் பள்ளிக் கால்பந்தாட்டம் தொடங்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள்தான் என்றாலும், இடைவேளையும் நிறுத்தங்களும் சேர்ந்து ஆட்டம் முடியப் பத்து மணியை நெருங்கிவிடும். நாளிதழ்கள் உள்ளூரிலேயே அச்சான காலத்தில், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் செய்தி அலுவலகத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. நள்ளிரவை ஒட்டி அச்சு ஓடும். விடிவதற்குள் வண்டிகள் கிளம்பும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக நிருபரின் வேகத்தைப் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் கெடுவை விதித்தவர் யார் என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சியில் மறைந்துபோகிறது. யாருடைய ஆட்டத்துக்காக அச்சைக் காக்க வைக்கலாம், யாருடையதை விட்டுவிடலாம் என்பதைப் பத்திரிகையை நடத்தியவர்கள்தான் முடிவு செய்தார்கள். பள்ளி விளையாட்டுச் செய்தியின் வரலாற்றை இந்த முடிவுகளின் வரலாறாகப் படித்தால்தான் அது இன்று ஏன் தேய்கிறது என்பது விளங்கும்.

வெள்ளிக்கிழமை இரவு தானாக வந்த வழக்கம் இல்லை. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை ஒழுங்குபடுத்தும் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் 1910இல் உருவானது. ஆனால் மைதானங்களுக்கு மின்விளக்குகள் பரவலாக வந்த பிறகுதான், வேலை முடிந்த பெற்றோரும் கடையடைத்த வணிகரும் வந்து உட்காரக்கூடிய இரவு ஆட்டம் நிலைபெற்றது. நாளடைவில் சட்டமே அந்த இரவுக்குக் காவல் நின்றது. 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை 1966இல் திருத்தியபோது, பள்ளி ஆட்டங்களுக்கும் அதில் பாதுகாப்பு கிடைத்தது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல், பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் இருக்கும் நிலையங்களில் தொழில்முறைக் கால்பந்தை ஒளிபரப்பினால், அதை நடத்தும் லீக் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தனக்குத் தந்திருந்த சலுகையை இழக்கும். கோடிகள் புரளும் தொழில்முறை ஆட்டம், பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்காக ஒரு மாலையை விட்டுக்கொடுத்தது. பத்திரிகைகளும் அப்படியே நடந்தன. சனிக்கிழமைக் காலைப் பதிப்பின் விளையாட்டுப் பக்கங்கள் அந்த இரவை எதிர்பார்த்தே அமைந்தன. வேக்கோ நகர நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் டேவ் கேம்ப்பெல், 1960இல் டெக்சஸ் கால்பந்துக்கென்றே ஓர் ஆண்டிதழைத் தொடங்கும் அளவுக்கு அந்தச் செய்திக்கு வாசகர் இருந்தார்கள்.

அந்தச் செய்தி எப்படி உருவானது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தொழில்முறை ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரத் தாள் நிருபரின் கைக்கு வந்துவிடும். பள்ளி மைதானத்தில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. நிருபர் கோட்டோரமாகப் பந்தோடு கூடவே நடந்து, ஒவ்வொரு ஆட்டநகர்வையும் குறிப்பேட்டில் எழுதுவார்: எந்தக் கோட்டில் தொடங்கியது, யார் ஏந்தினார், எங்கே விழுந்தார். தன் பக்கத்து 35ஆம் கெஜக் கோட்டில் தொடங்கிய ஓட்டம் எதிரணியின் 48இல் முடிந்தால் பதினேழு கெஜம். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நகர்வுகளைத் தானே கூட்டி, இரு அணிகளின் கணக்கையும் சரிபார்த்த பிறகே எழுத்து. முற்பாதியின் விவரத்தை இடைவேளையிலேயே எழுதி வைத்துவிட்டு, கடைசி விசில் ஊதியதும் முதல் பத்தியை எழுதி மேலே வைப்பது வழக்கம். கடைசி நிமிடத்தில் முடிவு மாறினால் எழுதி வைத்ததில் பாதி குப்பைக்குப் போகும். அதே நேரத்தில் அலுவலகத்தில் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். நிருபர் போகாத ஊர்களின் பயிற்சியாளர்கள் முடிவைச் சொல்ல அழைப்பார்கள். பகுதிநேரமாக வந்த மாணவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு வரி கொள்ளும் மிகச் சிறிய எழுத்தில் அந்த முடிவுகள் அச்சாகும். லைனோடைப் காலத்தில் அந்த வரி ஒவ்வொன்றும் உருகிய உலோகத்தில் வார்க்கப்பட்டது. ஒரு வரி தப்பானால் அதைத் திரும்ப வார்க்க வேண்டும்.

நிருபரின் சிரமத்துக்கு அனுப்பும் வசதியின் குறைவே காரணம் என்று சொல்வார்கள். கருவிகளின் வரலாறு இதற்கு இடம்கொடுக்கவில்லை. முதலில் நிருபர் தொலைபேசியில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்தார். 1966இல் ஜெராக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டெலிகாப்பியர் ஒரு பக்கத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்ப ஆறு நிமிடம் எடுத்தது. 1983இல் ரேடியோ ஷாக் கடைகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 விற்பனைக்கு வந்தது. திரையில் எட்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து, நான்கு சிறிய பேட்டரிகளில் ஓடும், உள்ளேயே மோடம். நொடிக்கு ஏறக்குறைய முப்பது எழுத்து வீதம், அறுநூறு சொல் கொண்ட ஆங்கிலச் செய்தி இரண்டே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பின்னர் கைப்பேசியும் இணையமும் அந்த இரண்டு நிமிடத்தையும் இல்லாமல் செய்தன. இத்தனை நிமிடங்கள் மிச்சமான பிறகும் நிருபருக்குக் கிடைத்த அவகாசம் கூடவில்லை. செலவைக் குறைக்க நிறுவனங்கள் உள்ளூர் அச்சகங்களை மூடின; பல ஊர்களின் நாளிதழ்கள் தொலைவிலிருக்கும் ஒரே அச்சகத்தில் வரிசையாக அச்சாயின; லாரி ஓடவேண்டிய தூரம் கூடக் கூட, பக்கம் முடிக்கும் நேரம் மாலையை நோக்கி நகர்ந்தது. கருவி மிச்சப்படுத்தியதைக் கணக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டது.

அச்சு காத்திருந்த காலத்திலும் அது எல்லோருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறப்பிரிவினை நிலவிய டெக்சஸில் கறுப்பினப் பள்ளிகள் தனி லீக்கில் ஆடின. 1920இல் தொடங்கிய அந்த அமைப்பு பின்னர் பிரெய்ரி வியூ இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் என்று அறியப்பட்டது. வெள்ளிக்கிழமை மைதானம் வெள்ளையர் பள்ளிகளுக்கு. ஆகவே கறுப்பினப் பள்ளிகள் பல ஊர்களில் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. வெள்ளையர் நடத்திய நாளிதழ்களில் அந்த ஆட்டங்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஹூஸ்டன் இன்ஃபார்மர், டல்லஸ் எக்ஸ்பிரஸ் போன்ற கறுப்பின வார இதழ்களே அவற்றுக்குப் புகலிடம். பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் பெரும்பெயர்களான ஜோ கிரீன், பப்பா ஸ்மித், கென் ஹூஸ்டன் மூவரும் அந்த லீக்கில் ஆடியவர்கள். 1970இல் லீக் கலைந்தது. மைக்கேல் ஹர்ட் 2017இல் அதன் வரலாற்றை நூலாக எழுதினார். நகரத்தின் மறுபக்கத்தில் வெள்ளிக்கிழமை ஆடிய பையனின் ஒவ்வொரு கெஜமும் பழைய நாளிதழ்க் கோப்பில் கிடக்க, இவர்களுடைய சாதனைகளை நினைவுகளிலிருந்தும் சிதறிய தாள்களிலிருந்தும் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. வியாழன் இரவு பத்து மணிக்கும் வெள்ளி இரவு பத்து மணிக்கும் அச்சு இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது. வேறுபாடு கண்டது மனிதர்கள்.

பெண்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவிகள் சுமார் 2,94,000 பேர். பின்னர் அந்த எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. மாணவிகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். முதல் பக்கப் படமும் நிருபரின் நேரமும் அதே வேகத்தில் வரவில்லை. பையன்களின் ஆட்டத்துக்கு நிருபர் நேரில் போவார். பெண்களின் ஆட்டம் தொலைபேசியில் வந்த முடிவாகச் சிறிய எழுத்தில் சேரும். இடமில்லை, நேரமில்லை என்பதே எப்போதும் சொல்லப்பட்ட காரணம். நேரம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று கேட்டால் அந்தக் காரணம் நிற்காது.

இணையத்தில் கெடுவே இல்லையே, இனி என்ன குறை என்று ஒருவர் கேட்கலாம். 2022இல் பத்திரிகைக் குழுமமான கேனட் நிறுவனம் தன் நூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியது. செய்தியை இணையத்தில் நள்ளிரவுக்குப் பிறகும் ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் பதிப்பு இருந்தபோது நிரப்பியாக வேண்டிய பக்கம் ஒன்று இருந்தது. அதை நிரப்ப ஆள் அனுப்பியாக வேண்டும் என்ற கடமையும் இருந்தது. பக்கம் போனதோடு கடமையும் தளர்ந்தது. ஆளுக்குப் பதில் இயந்திரம் எழுதட்டும் என்ற அடுத்த யோசனையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாஷிங்டன் போஸ்ட் 2017இல் ஹீலியோகிராஃப் என்ற மென்பொருளைக் கொண்டு பள்ளிக் கால்பந்துச் செய்திகளை வெளியிட்டது. நிருபர் போகவே முடியாத ஆட்டங்களின் முடிவாவது இதனால் கிடைக்கும் என்பது நியாயமான வாதம். சிறிய எழுத்துப் பட்டியல் செய்த வேலையை அது செய்யலாம். அதை முழுச் செய்தியென்று காட்டும்போதுதான் சிக்கல். 2023 ஆகஸ்டில் கேனட்டின் கொலம்பஸ் நாளிதழில் வந்த இயந்திரச் செய்தி ஒன்றில், அணியின் சின்னப்பெயர் வரவேண்டிய இடத்தில் நிரப்பப்படாத குறியீடு அப்படியே இருந்தது. நகைப்புக்கு ஆளாகி அந்த முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. குறியீட்டைத் திருத்துவது எளிது. கோட்டோரம் யாரும் நிற்காத ஆட்டத்தில், மென்பொருளுக்குப் போய்ச்சேரும் எண்ணைச் சரிபார்க்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் குறையை எந்தத் திருத்தமும் தீர்க்காது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் தருவதே கேடு என்பது அது. பத்திரிகையாளர் பிஸ்ஸிங்கர் 1990இல் எழுதிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’, டெக்சஸின் ஒடெஸா நகரில் ஒரு பள்ளி அணியின் மீது ஊரே ஏற்றிவைத்த சுமையையும், அதன் அடியிலிருந்த இனவெறியையும், பின்தள்ளப்பட்ட படிப்பையும் வெளிப்படுத்தியது. அந்த விமர்சனம் சரியானதே. ஆனால் அந்த நூலும் ஒருவர் நேரில் போய், ஊரில் தங்கி, கண்டதை எழுதியதால்தான் கிடைத்தது. மிகையான புகழ்ச்சிக்கு மாற்று, பொறுப்பான கவனம். காயமடைந்த பையனைத் திரும்ப ஆடவைக்கும் பயிற்சியாளரையும், மைதானத்துக்குச் செலவழித்து நூலகத்தை மறக்கும் பள்ளி வாரியத்தையும் முதலில் கவனிப்பவர் வாரந்தோறும் அங்கே போகும் நிருபர்தான்.

2005க்குப் பிறகு அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன. எஞ்சியவை பழைய அச்சகங்களை மீட்க வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டியது வேறு: இந்த வாரம் எந்தப் பள்ளிக்கு ஆள் அனுப்புகிறீர்கள், எந்தப் பள்ளிக்கு அனுப்பாமல் விடுகிறீர்கள், யார் அதை முடிவு செய்தார்? அன்று வியாழன் இரவைப் புறக்கணித்தவர்களிடம் இந்தக் கேள்வியை உரத்துக் கேட்க ஆளில்லை. இன்று கேட்க முடியும். சந்தா செலுத்தும் வாசகரும், நிதி கொடுக்கும் அறக்கட்டளையும், பத்திரிகையை நடத்தும் நிறுவனமும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஓர் ஊர் தன் பிள்ளைகளில் யாரைப் பதிவு செய்கிறது என்பது நேரமின்மையால் தானாக நடந்துவிடுவதில்லை. நூறு ஆண்டுகளாக அதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தே வந்திருக்கிறார்.