காய்ச்சலின் கதை – 7: பத்து நாள் கெடு

செகந்திராபாத் வெக்கையில், வியர்வை பட்டுத் துருவேறிய நுண்ணோக்கியின் முன், மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் தேடிக்கொண்டிருந்த மருத்துவர் ரொனால்டு ராஸைச் சென்ற வாரம் விட்டுவந்தோம். விசிறியை இழுத்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் அவர் அறையில் விசிறியும் ஓடவில்லை.

1897 ஆகஸ்ட் 16. உசேன் கான் என்ற நோயாளியைப் புள்ளிச் சிறகுக் கொசுக்கள் கடித்தன. கொசுவுக்கு ஓரணா கூலி. 20ஆம் தேதி மிஞ்சியவை இரண்டே கொசுக்கள். ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமான செல்கள். உள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய துகள்கள். மறுநாள் கடைசிக் கொசு. அதே செல்கள், ஆனால் பெருத்திருந்தன!

கொசுவுக்குள் கிருமி வளர்கிறது. அந்த வளர்ச்சிக்குக் கெடு வைப்பது வெப்பம். உசேன் கானுக்கு இருந்த பால்சிபாரம் வகை, 28 டிகிரியில் சுமார் பத்து நாளில் அடுத்த ஆளைத் தாக்கத் தயாராகிவிடும். 20 டிகிரியில் ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். மழைக்காலத்து ஈரக்காற்றோ கொசுவின் ஆயுளைக் கூட்டுகிறது.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது குழந்தை. தாய் தந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடும். சொந்தச் சக்தி வரப் பலமுறை காய்ச்சலில் விழுந்தெழ வேண்டும். அதனால்தான் அக்கால மருத்துவர்கள் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்றறியச் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்றும் ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குப் பலியாவோரில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் காய்ச்சல் மலையேறியிருக்கிறது. அதை அதிகம் கண்டிராத பிள்ளைகளின் ஊர்களுக்கு!

ராஸின் பெயர் தாங்கிய கட்டடம் ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் நிற்கிறது. அதே நகரின் ஹப்சிகுடாவில், சிசிஎம்பி எனப்படும் உயிரியல் ஆய்வுக்கூடத்தில், மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களை விஞ்ஞானிகள் இப்போதும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். நோய் முடிந்த கதை அல்ல.

மழை பெய்தால் மலேரியா, பெய்யாவிட்டால் இல்லை என்று தோன்றுகிறதா? 1934இல் இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகளில் ஓட்டம் நின்றது. அந்த அக்டோபரில் கிளம்பிய காய்ச்சல், அடங்குவதற்குள் சுமார் 80,000 உயிர்களை வாரிக்கொண்டது. அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

மழை பொய்த்த ஆண்டில் அத்தனை கொசுக்கள் எங்கிருந்து வந்தன? அடுத்த வாரம், வற்றிய களனி ஆற்றுக்குள் இறங்கிப் பார்ப்போம்.

(தொடரும்)