பைக் ரேஸ்ல பல்லுக்கு எதுக்கு கவசம்? (ஒரு நீண்ட இழை)

போன வாரம் ஓபி முடியுற நேரம். கன்னிவாடிக்காரத் தம்பி ஒருத்தர், வயசு இருபத்திரண்டு இருக்கும், முழங்கை சிராய்ப்புக்குக் கட்டு மாத்த வந்தார். கட்டு போட்டுட்டு இருக்கும்போதே கேட்டார்: "சார், இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டப் போறேன். கூட வர்ற பசங்க மவுத்கார்டு வாங்கச் சொல்றாங்க. அது பாக்ஸிங்ல போடுறதுதானே? பைக்குக்கு எதுக்கு சார்?"

நல்ல கேள்வி. ஆனா வரிசையில இன்னும் பத்து பேர் நின்னாங்க, ரெண்டு வார்த்தையில பதில் சொல்லி அனுப்பிட்டேன். முழுப் பதில் இங்க. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1914-ல இருந்து ஆரம்பிக்கணும். இங்கிலாந்துல புரூக்லண்ட்ஸ்னு ஒரு ரேஸ் டிராக். அங்க எரிக் கார்ட்னர்னு ஒரு டாக்டர். ரெண்டு வாரத்துக்கு ஒருத்தராவது பைக்ல விழுந்து தலையில அடியோட வர்றதை கவனிச்சார். நம்ம மாதிரி ஆள்தான், ஒரே மாதிரி காயம் திரும்பத் திரும்ப வந்தா எரிச்சல் வரும் இல்லையா? லண்டன் பெத்னல் கிரீன்ல மாஸ் என்பவர்கிட்ட சொல்லி, கித்தான் துணியில அரக்கு ஏத்தி, கெட்டியான வழவழப்பான தொப்பி செய்ய வெச்சார். அடி பட்டா தாங்கணும், எதுலயாவது மோதினா வழுக்கிட்டு போகணும், அதுதான் கணக்கு. (அன்னைக்கு உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் இந்தியாவுல இருந்துதான் போச்சு.)

ரேஸ் நடத்துற சங்கம் முதல்ல வேண்டாம்னுடுச்சு. ஓட்டுறவங்களும் முணுமுணுத்தாங்க. கடைசியில அந்த வருஷ ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்துக்குக் கட்டாயமாச்சு. கார்ட்னர் 94 ஹெல்மெட்டைக் கையோட எடுத்துக்கிட்டுப் போனார். ஒருத்தர் கேட்ல மோதியும் தப்பிச்சார். பந்தயம் முடிஞ்சதும் அந்தத் தீவு மருத்துவ அதிகாரி கார்ட்னருக்கு எழுதினாராம்: வழக்கமா பந்தயம் முடிஞ்சா சுவாரசியமான தலைக்காய கேஸ் சிலது வரும், இந்த வருஷம் ஒண்ணுகூட வரலன்னு. டாக்டருங்க ஒரு கேஸை "இன்ட்ரஸ்டிங்"னு சொன்னா அது பேஷண்டுக்கு நல்ல செய்தி இல்ல, தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ஆனா இதெல்லாம் ரேஸ் டிராக்குக்குள்ள மட்டும்தான். ரோட்ல ஓட்டுறவங்க வெறுந்தலையோடதான் போனாங்க. 1935 மே 13. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ன்னு படம் பாத்திருப்பீங்க, அந்த நிஜ லாரன்ஸ், சைக்கிள்ல வந்த ரெண்டு பசங்க மேல மோதாம இருக்க வண்டியைத் திருப்பி விழுந்தார். ஹெல்மெட் இல்ல. ஆறு நாள் நினைவில்லாம கிடந்து இறந்துட்டார், வயசு 46. அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடல. 1941-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை எழுதினார்: போர் ஆரம்பிச்ச முதல் 21 மாசத்துல பிரிட்டன்ல பைக்ல செத்தவங்க 2,279 பேர். ஹெல்மெட் போட்டு அடிபட்டவங்க அவர் கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம், அவங்க காயமும் லேசு. அந்த வருஷ நவம்பர்லயே ராணுவத்துல பணியில பைக் ஓட்டுறவங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு உத்தரவு. பொதுமக்களுக்கு பிரிட்டன்ல சட்டம் வந்தது 1973-ல. நடுவுல 32 வருஷம்!

சரி, மண்டை ஓடு காப்பாத்தப்பட்டுச்சு. முகம்?

நம்ம ஊர்ல ரேஸ்னா அன்னைக்கு சோழவரம். இரண்டாம் உலகப் போர்ல போட்ட விமான ஓடுதளத்துல, 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயம் நடத்துச்சு. 1990 வாக்குல அது இருங்காட்டுக்கோட்டைக்கு மாறுச்சு. 50கள்ல சோழவரத்துல பைக் ஓட்டின ஒருத்தருக்கும் தாடையை மூடுற ஹெல்மெட் கிடையாது, ஏன்னா உலகத்துலயே அப்ப அது கடைக்கு வரல. 60களோட கடைசியிலதான் அமெரிக்காவுல பெல் கம்பெனி முகம் முழுக்க மூடுற ஹெல்மெட்டைக் கொண்டு வந்துச்சு. 1968-ல டேன் கர்னி அதைப் போட்டுக்கிட்டு கார் பந்தயத்துல இறங்கினார். 1914-ல நெத்தி வரைக்கும் வந்த கவசம் முகவாய்க்கு வர அரை நூற்றாண்டு ஆயிருக்கு.

பல் கவசம் வந்த வழி வேற. அது குத்துச்சண்டை மேடையில பிறந்தது. 1890கள்ல லண்டன் பல் டாக்டர் வுல்ஃப் கிராஸ், உதடு கிழியாம இருக்க கட்டாபர்ச்சாவுல பட்டை செஞ்சு பல்லு மேல வெச்சார். கட்டாபர்ச்சான்னா மலாயா காட்டு மரத்தோட பால். உங்களுக்கு ரூட் கேனால் பண்ணியிருந்தா, இப்பவும் உங்க பல்லுக்குள்ள இருக்கிறது அநேகமா அதுதான். 1921-ல டெட் லூயிஸ் என்ற சாம்பியன் பல் கவசத்தோட மேடை ஏறினப்போ எதிராளியோட மேனேஜர் ஆட்சேபம் பண்ணினார். 1927-ல மைக் மெக்டீக் உடைஞ்ச பல்லால உதடு கிழிஞ்சு தோத்தப்புறம்தான் எதிர்ப்பு அடங்குச்சு. 1947-ல ராட்னி லில்லிக்விஸ்ட் என்ற அமெரிக்க பல் டாக்டர் அக்ரிலிக்ல, பல்லுக்குச் சரியா உக்கார்ற மாதிரி மெலிசா செஞ்சார். 1962-ல அமெரிக்கப் பள்ளிக்கூட ஃபுட்பால்ல கட்டாயம் ஆக்கிட்டாங்க.

பைக் ரோடு ரேஸ்ல இன்னைக்கும் கட்டாயம் இல்ல. மோட்டோஜிபியில 2018-ல இருந்து ஏர்பேக் உடை கட்டாயம். பல் கவசம் அவங்கவங்க விருப்பம்.

அப்ப பிரயோஜனம் இருக்கா? இருக்கு. முகவாய்ல கீழிருந்து அடி விழுந்தா கீழ்த்தாடை மேல்தாடையில போய் முட்டும். கடைவாய்ப் பல் ரெண்டா பிளக்கும். நடுவுல நாக்கு மாட்டினா அவ்வளவுதான். அந்த விசை தாடை எலும்பு வழியா காது முன்னாடி இருக்கிற மூட்டுக்குப் போகும். முகவாய்ல சின்ன வெட்டு, காதுல ரத்தம்னு வர்றவங்களுக்கு அந்த மூட்டு உடைஞ்சிருக்கான்னு கட்டாயம் பாக்கணும். முகவாயைத் தைச்சுட்டு அனுப்பினா, பத்து நாள் கழிச்சு வாய் திறக்கலன்னு வருவாங்க. மேல் பல்லுக்கு மூணு மில்லிமீட்டர் மெத்தை வெச்சா அந்த முட்டல் குறையும். மேடு பள்ளத்துல குதிச்சு ஓட்டுற மோட்டோகிராஸ்ல இன்னும் உபயோகம்.

ஆனா மூளை அதிர்ச்சியைத் தடுக்கும்னு யாராவது வித்தா நம்பாதீங்க. ஐஸ் ஹாக்கியில கொஞ்சம் ஆதாரம் இருக்கு. பைக்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. பல்லைக் காப்பாத்தும், அதுவே பெரிசு.

வாங்கும்போது சுடுதண்ணில போட்டுக் கடிச்சு அச்சு எடுக்கிறது குறைஞ்சபட்சம். முடிஞ்சா பல் டாக்டர்கிட்ட அளவு கொடுத்து செய்ங்க. வாயைத் திறந்தா தானா கீழே விழுற கவசம் வேண்டவே வேண்டாம். நினைவில்லாம விழுந்தா அது மூச்சுக்குழாயை அடைக்கும். கம்பி போட்டிருக்கீங்கன்னா டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க.

இதை எல்லாம் அந்தத் தம்பிக்குச் சுருக்கமா சொன்னேன். தலையாட்டிட்டு வெளிய போனார். ஜன்னல் வழியா பாத்தேன். வண்டி ஹேண்டில்ல அரை ஹெல்மெட் ஒண்ணு தொங்குது, காதுக்கு மேலயே முடிஞ்சிடும். டிராக்குக்கு முழு ஹெல்மெட் வாடகைக்கு எடுப்பாராம். தினமும் தருமத்துப்பட்டி தாண்டி ஆடலூர், பன்றிமலை ரோட்ல ஏறி இறங்குறது இந்த அரை ஹெல்மெட்டோட. டிராக்ல எதிர்ல பஸ் வராது, ஓரத்துல பாறாங்கல் இருக்காது, ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும். மலை ரோட்ல இதுல ஒண்ணும் இல்ல.

கூப்பிட்டு சொன்னேன்: "தம்பி, மவுத்கார்டு காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு ஊருக்குள்ள போட ஒரு முழு ஹெல்மெட் வாங்குங்க. ஐஎஸ்ஐ முத்திரை பாத்து. வாரைக் கழுத்துல மாட்டுங்க. மவுத்கார்டு அடுத்த மாசம்."

"அடிக்கிற வெயில்ல முழு ஹெல்மெட்டா சார்?"ன்னார். 1914-ல புரூக்லண்ட்ஸ்லயும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பாங்க.

கடைசியா ஒண்ணு, பலர் கேக்கிறது. பல் வேரோட விழுந்துட்டா தூக்கிப் போடாதீங்க. வேரைத் தொடாம மேல்பாகத்தைப் பிடிங்க. அழுக்கா இருந்தா ஒரு தடவை லேசா அலசுங்க, தேய்க்காதீங்க. முழு நினைவோட இருந்தா அந்தக் குழியிலயே திரும்ப வெச்சு துணியைக் கடிச்சுக்கிட்டு வாங்க. முடியலன்னா பால்ல போட்டுக் கொண்டாங்க, தண்ணில வேண்டாம். அரை மணி நேரத்துக்குள்ள வந்தா ஒட்ட நிறைய வாய்ப்பு இருக்கு. குழந்தைகளோட பால் பல்லுக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது.