ஓவியச் சீமாட்டியும் திப்புவின் தூதரும்

பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் ஓவியர் என்றுதான் எலிசபெத் விஜே லெ ப்ரனைச் சொல்வார்கள். எனக்கு அவர் மைசூர்த் தூதரை வரைந்தவர். திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்கள் 1788இல் பாரீஸ் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததுமே இந்த அம்மாளுக்கு வரைந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. மன்னர் கேட்டால்தான் சம்மதம் என்றார்கள். பதினாறாம் லூயியிடமே அனுமதி வாங்கினார். தூதர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கான் வாள்பிடியில் கைவைத்து நிற்கும் ஆளுயரப் படம் அது. வெண்மஸ்லின் அங்கியில் பூவேலை, முகத்தில் கடுகடுப்பு. படம் முடிந்ததும் கான் அதைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டார். வரைந்தவர் தந்திரமாகத்தான் மீட்க வேண்டியிருந்தது!

தூதர்கள் வீட்டு விருந்தையும் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். தரையில் பரிமாறினார்களாம், கையால் எடுத்துப் போட்டார்களாம். அவருக்கு அது அதிசயம்; நமக்கு அவருடைய அதிசயம்தான் வேடிக்கை.

1789 அக்டோபரில் புரட்சிக் கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து பாரீஸுக்கு இழுத்துவந்தபோது, ஏழைப்பெண் வேடத்தில் மகளோடு வண்டியேறித் தப்பினார். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, தூரிகைதான் பிழைப்பு. 1795இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க். அங்கே கேத்தரீன் பேரரசிக்கு இவர் வரைந்த தம் பேத்திகளின் படம் பிடிக்கவில்லை. வெறுங்கைகளுக்குச் சட்டைக்கை வரைந்து மூட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1802இல்தான் பாரீஸ் திரும்பினார்.

தர்வேஷ் கான் படம் 2019இல் நியூயார்க்கில் ஏலம் போனது, எழுபது லட்சம் டாலருக்கு மேல்.