தொண்டைமானாற்றுச் சந்நிதி வேலன்

சூரனோடு பொருத சினம் தணிந்து, வள்ளி நாயகியை மணம் புணர்ந்து, அடியார்க்கு அருள்புரிய முருகப் பெருமான் எழுந்தருளிய தலம் திருத்தணிகை. அரக்கோணம் இருப்புப்பாதைச் சந்திப்பில் இறங்கி, எட்டுக் கல் தொலைவு சென்று, ஆண்டின் நாட்களுக்கு ஒப்பான 365 படிகளை ஏறித் தரிசிக்கும் அன்பர்கள், அப்பெருமானை மலைநிலக் கடவுளாகவே எண்ணிப் பழகியவர்கள். ஆயினும், அலைவாய்க் கரையிலும் அவன் உறைகின்றான். ஈழத்தின் வடகரையில், வலைவீசி வாழ்ந்த எளிய மக்கள் போற்றி வளர்த்த செல்வச் சந்நிதி அதற்கு ஒரு சான்று.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே கடலோடு கலக்கும் உவர்நீர்க் கழியே தொண்டைமானாறு. பெயரால் ஆறெனினும் மலையிற் பிறந்த ஆறன்று. அதன் கரையில், பனையும் மணலும் சூழ்ந்த அமைதியான சிற்றூரில் கோயில் விளங்குகின்றது. அங்குச் செல்லும் யாத்திரிகர் முதலில் ஆற்றில் நீராடி, ஈர உடையுடன் கோயிலை வலம்வருதல் வழக்கம்.

அவ்வூர்ப் பெயரே தணிகையன்பர் கருத்தைக் கவரவல்லது. முதற் குலோத்துங்க சோழனின் (கி.பி. 1070–1120) படைத்தலைவனும், கலிங்கப் போரில் வெற்றி கொண்டவனுமான கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் மரக்கலங்கள் உட்புகுமாறு இக்கழியை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது யாழ்ப்பாணத்து மரபுச் செய்தி. திருத்தணிகையைத் தன்னகத்தே கொண்ட தொண்டை நாட்டின் பெயர், இவ்வாறு கடல்கடந்த ஓர் ஊரிலும் நிலைபெற்றுள்ளது.

கோயிலின் தோற்றத்தை மருதர் கதிர்காமர் என்னும் அடியவரோடு இணைத்துக் கூறுவர். அவர் கடல்தொழில் புரிந்தவர். ஏட்டுக் கல்வியோ ஆகமப் பயிற்சியோ பெற்றவரல்லர். ஆற்றங்கரையில் அவர்முன் தோன்றிய முருகன், அவரைக் கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்று வழிபாட்டு முறையைக் காட்டினான் என்றும், வேல் ஒன்றை அளித்துப் பூவரச மரத்தடியில் வைத்துப் பூசிக்கப் பணித்தான் என்றும் தலவரலாறு கூறும். அதனால் இத்தலம் சின்னக் கதிர்காமம் எனப் பெயர் பெற்றது. அவர் வழியினரே பூசகராய் இருந்து வருகின்றனர். அவர்கள் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திர ஒலியின்றி மௌனமாகப் பூசை செய்கின்றனர். வேலே அங்கு மூலமூர்த்தி; ஆலிலையில் படைக்கும் அமுதே நிவேதனம். சொல் ஒடுங்கிய இடத்தில் அன்பு ஒன்றே மந்திரமாகின்றது.

அன்னதானக் கந்தன் என்பது இப்பெருமானுக்கு வழங்கும் மற்றொரு பெயர். கோயிலைச் சூழ்ந்த மடங்களில் வருவோர்க்கெல்லாம் உணவிடுகின்றனர். இன்னார் இனியார் என்ற வேற்றுமை பந்தியில் இல்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டமும் இச்சந்நிதியில் வணங்கியே புறப்படும். வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மண்டூர், திருக்கோவில், உகந்தை எனக் கீழைக்கரை வழியே சென்று, காடு கடந்து கதிர்காமம் சேர்வர். நெடுவழி நடப்பாரும் அவர்க்கு அன்னமிடுவாரும் ஒரே தொண்டின் இரு பகுதியினர்.

இக்கரையினின்று தணிகைக்கு வந்த கைம்மாறும் ஒன்றுண்டு. கச்சியப்ப முனிவர் இயற்றிய தணிகைப் புராணத்தை 1883-இல் அச்சிட்டுப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். தொண்டை நாட்டுப் பெயர் ஈழக் கரைக்குச் சென்றது. தணிகையின் புகழோ ஈழத்து அறிஞர் ஒருவரின் உழைப்பால் அச்சேறியது.

இத்தகு சந்நிதிக்கும் சோதனை வந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1986-இல், கோயிலின் பெருந்தேர் தீக்கிரையாயிற்று. சுற்றியிருந்த மக்கள் பலர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். அக்காலத்து அவர்களிடம் எஞ்சியிருந்த பொருள் சிறிது. எனினும் வழிபாட்டை மறந்தாரில்லை. 2009-இல் போர் முடிந்தது. பெயர்ந்தோர் படிப்படியாகத் திரும்பினர். ஆவணித் திருவிழாவுக்கு அடியார் மீண்டும் பெருகிக் கூடினர். மடங்களில் அடுப்பு எரிந்தது. தேரைத் தீ உண்டது. தொண்டை அதனால் உண்ண இயலவில்லை.

முற்காலத்தில் தமிழகத்து யாத்திரிகர், 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பின்னர், புகைவண்டியில் தனுஷ்கோடி சென்று கப்பலேறித் தலைமன்னார் சேர்வர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பெற்றது. காங்கேசன்துறையினின்று கரைவழியே கிழக்கு நோக்கிச் சென்றால் சந்நிதியை அடையலாம்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் செல்வர்கள் இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. கோபுரமும் விமானமும் இறைவனுக்கு நாம் செய்யும் சிறப்பு. கல்லும் மரமும் காலத்துக்கு உட்பட்டவை. கலசத்தில் நீர் வார்க்கும் நன்னாளோடு தொண்டு நிறைவுறுவதன்று. மறுநாளும் விளக்கேற்றுவாரும், பசித்து வந்தாரை அமர்த்தி உணவிடுவாரும் உள்ளவரை கோயில் அழியாது. மரத்தடியில் நட்ட வேல் ஒன்றை நம்பி வாழ்ந்த நெய்தல் மக்கள் உலகுக்கு உணர்த்திய உண்மை இதுவே. குன்றிலும் கரையிலும் நின்றருளும் குமரன் திருவடி வாழ்க! அவன் அடியார் கூட்டம் ஓங்குக!