பிறந்த மண்ணே தடையாகும்போது

பொறியியல் படித்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோர் நம் ஊர்களில் பலர். "பையனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா?" என்று உறவினர் கேட்கும்போது அவர்கள் பேச்சை மாற்றுகின்றனர். பத்து ஆண்டுகள் கடந்தும் வரவில்லையென்றால் பிள்ளையின் திறமையிலோ நடத்தையிலோ ஏதோ குறை இருப்பதாக ஊர் எண்ணிவிடுமோ என்ற அச்சமே காரணம். குறை பிள்ளையிடம் இல்லை. ஒரு நாட்டின் சட்ட வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

மூடியிருந்த கதவு

இந்தியருக்கு அமெரிக்கக் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. 1917-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப்பகுதியாக அறிவித்தது. இந்தியா அதனுள் அடங்கியது; மாணவர் முதலிய சிலருக்கு மட்டுமே விலக்கு இருந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். இந்தியர் 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குள் அடங்கார் என்று 1923-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுக்காகச் சீருடை அணியலாம். நாட்டின் குடிமகனாக முடியாது என்பதே அதன் பொருள்.

கற்றவருக்கும் இதே நிலைதான். தலீப் சிங் சௌந்த் என்பவர் 1920-இல் மாணவராகச் சென்று, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டத்துக்கேற்ற பணி கிடைக்கவில்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கின் வயல்களுக்குச் சென்றார். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கவும் அம்மாநிலச் சட்டம் இடந்தரவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவும் அக்காலத்தவரே. 1920-களில் அமெரிக்கா சென்ற அவர், யானைக்கால் நோய்க்கு மருந்து கண்ட ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். புற்றுநோய் மருத்துவத்தில் இன்றளவும் பயன்படும் மருந்துக்கும் அவர் குழு வழிவகுத்தது. உலகமே அவர் உழைப்பின் பயனைப் பெற்றது. அவரோ அமெரிக்கக் குடியுரிமை பெறாமலேயே 1948-இல் மறைந்தார்.

நூறு பேருக்கு ஒரு வாசல்

1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம் இக்கதவைச் சிறிது திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம். அங்கிருப்போர் குடியுரிமை கேட்கலாம். அவ்வாண்டில்தான் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த கிளேர் பூத் லூஸ் அம்மையாரும், யூதரான இமானுவேல் செல்லரும் காங்கிரசில் இதற்காக உழைத்தனர். ஜே. ஜே. சிங் என்ற சீக்கிய வணிகர் வெளியிலிருந்து உழைத்தார்.

சௌந்த் 1949-இல் குடியுரிமை பெற்றார். கரை இறங்கி ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏழே ஆண்டுகளில், 1956-இல், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அங்கு அமர்ந்தது அதுவே முதன்முறை. 29 ஆண்டுகளாக அவரிடம் இருந்த குறை என்ன? எதுவுமில்லை. மாறியது மனிதரல்லர், சட்டமே.

சமமாகப் பங்கிட்ட சட்டம்

1952-ஆம் ஆண்டுச் சட்டம் திறமை மிக்கவருக்கு முன்னுரிமை என்ற கொள்கையைக் கொணர்ந்தது. ஆயினும் இந்தியாவின் பங்கு 100 ஆகவே நின்றது. 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திரச் சிலையின் அடியில், அதிபர் ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்த இனம், எந்த நாடு என்று பார்த்து இடம் ஒதுக்கிய பழைய முறை ஒழிந்தது. மேலைநாட்டுக்குக் கூடுதல், கீழைநாட்டுக்குக் குறைவு என்ற பாகுபாடு நீங்கி, கீழை அரைக்கோளத்தின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 என்ற ஒரே உச்சவரம்பு வந்தது. நூறு, இருபதாயிரமானது. நம் மருத்துவரும் பொறியாளரும் பெருமளவில் சென்றது இதன் பின்னரே. அநீதி ஒன்றைக் களைந்த நல்ல சட்டம் அது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த நல்ல சட்டத்தின் கருவிலேயே இன்றைய துயரின் விதையும் கிடந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின் அடிப்படையில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்களை வகுத்தது. மனைவி மக்களும் இக்கணக்கிலேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதாவது சுமார் 9,800 இடங்கள். பிறர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சியவை இருந்தால் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் நூற்று நாற்பது கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் உச்சவரம்பு ஒன்றே.

அதே சட்டம் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவையும் வகுத்து, ஆண்டுக்கு 65,000 என எல்லை குறித்தது. இந்த வாசலில் நாட்டுக் கணக்கு கிடையாது. கணினித் துறை வளர்ந்தபோது எல்லை தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு 1,95,000. தங்கும் வாசலின் 1,40,000 மட்டும் உயரவில்லை. நுழையும் வாசல் அகலம். தங்கும் வாசல் குறுகல். இரண்டுக்கும் இடையே ஒரு முற்றம். அந்த முற்றத்தில்தான் நம் பிள்ளைகள் நிற்கின்றனர்.

எச்-1பி விசாவுக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகளே எல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருப்போர் அதற்கு மேலும் நீட்டித்துக்கொள்ளலாம் என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு சலுகை வந்தது. இரக்கத்தால் வந்த இச்சலுகையே முடிவில்லாக் காத்திருப்பைச் சாத்தியமாக்கியது என்பது வரலாற்றின் விந்தை.

காத்திருப்பின் விலை

இவ்வரிசையில் பெயர் எழுதுபவர் ஊழியர் அல்லர், பெரும்பாலும் நிறுவனமே. இப்பணிக்குத் தக்க அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று அது முதலில் காட்ட வேண்டும். விண்ணப்பம் தொடங்கிய நாள் 'முன்னுரிமை நாள்' எனக் குறிக்கப்படும். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் ஒரு பட்டியல் வெளியிடும். தம் நாளை அதில் காணும்வரை காத்திருக்க வேண்டும். நாள் சில மாதங்களில் நகராது. சில மாதங்களில் பின்னோக்கியும் செல்லும். நிறுவனம் மாறினால், முந்தைய நாள் தப்பினாலும், விண்ணப்பப் பணிகளை மீண்டும் தொடங்க நேரும். வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்கள் வரையே அவகாசம். அதற்குள் கிடைக்காவிடில் வீடு, பள்ளி, நட்பு அனைத்தையும் விட்டுப் புறப்பட வேண்டும்.

துணைவியர் படும் பாடும் சிறிதன்று. படித்துப் பட்டம் பெற்ற பெண்கள், கணவரைச் சார்ந்த விசாவில் இருந்ததால் வேலை செய்ய இயலாமல் வீட்டிலிருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு 2015-இல்தான் அனுமதி கிடைத்தது. கைக்குழந்தையாகச் சென்று அங்கேயே வளர்ந்த பிள்ளை, 21 வயது நிறைந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலகிப்போகும் நிலையும் உண்டு. ஊரில் தாய் நோயுற்றால், 'போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமா?' என்று கணக்கிட்ட பின்னரே மகன் பயணச்சீட்டு எடுக்கிறான். அவன் தாமதத்தை அன்பின்மை என்று நாம் தீர்ப்பிட்டுவிடக் கூடாது.

ராக்கேலுக்காக ஏழு ஆண்டுகளும், ஏமாற்றப்பட்டு மீண்டும் ஏழு ஆண்டுகளும் உழைத்த யாக்கோபை நாம் அறிவோம். யாக்கோபுக்கு ஆண்டின் எண்ணிக்கையாவது தெரிந்திருந்தது. இவர்களுக்கு அதுவும் தெரியாது. வேலைவழிக் கிரீன் கார்டு வரிசையில் சுமார் 18 லட்சம் பேர் நிற்பதாகவும், அவர்களுள் ஏறக்குறைய 11 லட்சம் பேர் இந்தியர் எனவும் வாஷிங்டனின் கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. புதிதாகச் சேரும் இந்தியருக்கு வாழ்நாளே போதாது என்பதும் அதன் கணிப்பு.

வாக்கில்லாதவர்

உச்சவரம்பை ஆதரிப்போர் கூறுவதையும் கேட்பதே நீதி. அதை நீக்கினால் ஒன்றிரண்டு நாட்டவரே பல்லாண்டு எல்லா இடங்களையும் பெறுவர், பிற நாட்டவர் பின்தள்ளப்படுவர் என்கின்றனர். குறைந்த ஊதியத்துக்கு வெளிநாட்டவரைக் கொணர்வதால் உள்ளூர்த் தொழிலாளர் வேலை இழக்கின்றனர் என்ற முறையீடும் உண்டு. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே நிறுவனம் என்றிருக்கும் இருவருள் ஒருவர் விரைவில் உரிமை பெற, மற்றவர் நரை தோன்றும்வரை நிற்பதற்குப் பிறந்த இடம் மட்டுமே காரணமென்றால், 1965-இல் ஒழிந்ததாக எண்ணிய பாகுபாடு வேறு உடையில் திரும்பியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சட்டம் நாடுகளைச் சமமாக நடத்தியது. மனிதரைச் சமமாக நடத்தத் தவறியது.

காத்திருப்போர் வாளாவிருந்தனர் என்பதில்லை. 2007 ஜூலையில், எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பைத் துறை திடீரெனத் திரும்பப் பெற்றபோது, அவர்கள் குடிவரவுத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கான மலர்க்கொத்துகளை அனுப்பினர். அவர் அம்மலர்களைக் காயமுற்ற படைவீரரின் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தார். இரு வாரங்களில் பழைய அறிவிப்பு மீண்டது. சினமின்றிக் கேட்ட நீதிக்குக் கிடைத்த சிறு வெற்றி அது.

பெரிய வெற்றி கைகூடவில்லை. வேலைவழி உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட் சபை அதை வேறு வடிவில் 2020 டிசம்பரில் ஏற்றது. இரண்டையும் இணைப்பதற்குள் அக்காங்கிரசின் காலம் முடிந்தது. 2025 செப்டம்பரிலோ, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் அழைக்கப்படுவோருக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. நுழையும் வாசலும் குறுகிற்று. முற்றத்தில் நிற்போரின் நிலை மாறவில்லை.

1946-இன் பாடம் இங்கு நினைவுக்கு வருகிறது. காத்திருப்பவருக்கு அந்நாட்டில் வாக்குரிமை இல்லை. வாக்குள்ளவர் அவருக்காகப் பேசினாலன்றிச் சட்டம் மாறுவதில்லை. அன்று லூசும் செல்லரும் பேசினர். இன்று அங்கே குடியுரிமை பெற்று வசதியாக வாழும் நம்மவர் பலர் உள்ளனர். வரிசையைக் கடந்துவிட்ட அவர்கள், வரிசையில் நிற்பவரை மறவாதிருப்பதே முதற்கடன். புறப்பட விழையும் இளைஞர், ஊதியத்தின் அளவோடு காத்திருப்பின் அளவையும் கேட்டறிந்து முடிவெடுப்பது நலம். இங்கிருக்கும் நமக்கும் ஒரு கடன் உண்டு: "கார்டு வந்துவிட்டதா?" என்று கேட்பதை விடுத்து, "நலமாக இருக்கிறாயா?" என்று கேட்போம்.