வரிசை வகை டீசல் பம்ப்

வரிசை வகை டீசல் பம்ப், எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில், உரிய அளவு டீசலை உயர் அழுத்தத்தில் அனுப்பும் கருவி. சிலிண்டருக்கு ஒன்றாக, டீசலை அழுத்தும் எலிமெண்டுகள் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே தீப்பற்றும். ஆகவே எரியும் நேரமும் எஞ்சினின் இழுவையும் பம்பின் துல்லியத்தையே சார்ந்துள்ளன.

வரலாறு

ருடால்ஃப் டீசலின் தொடக்ககால எஞ்சின்களில் அழுத்திய காற்றே எரிபொருளை உள்ளே செலுத்தியது. அதற்கான கம்ப்ரசரின் பருமனும் எடையும் வாகனங்களுக்கு ஒத்துவரவில்லை. இதற்கு மாற்றாக, ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1922இல் ஆய்வைத் தொடங்கி, 1927இல் வரிசை வகை பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

இயங்கும் முறை

எலிமெண்ட் என்பது பேரலும் அதனுள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் சேர்ந்த இணை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குகள் மட்டுமே. அந்த நெருக்கமே அழுத்தத்தைத் தாங்குகிறது. கேம் தண்டு பிளஞ்சரைத் தூக்கும் உயரம் மாறுவதில்லை. டீசலின் அளவை மாற்றுவது பிளஞ்சரில் வெட்டப்பட்ட சாய்வு விளிம்பு. அது பேரலின் துளையைத் திறந்ததும் அழுத்தம் விடுபட்டு, செலுத்துவது நின்றுவிடும். ஆக்சிலரேட்டரும், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் ராக் எனும் கட்டுப்பாட்டுத் தண்டை நகர்த்த, ராக் பிளஞ்சரைத் திருப்பி அந்தக் கணத்தை முந்தவோ பிந்தவோ வைக்கிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் டெலிவரி வால்வு, நாசிலுக்குச் செல்லும் குழாயின் அழுத்தத்தைச் சட்டெனக் குறைத்து, டீசலைப் பீய்ச்சும் அந்த நாசிலில் சொட்டு விழாமல் தடுக்கிறது.

பழுதும் செப்பனிடலும்

பம்பைக் கழற்றுமுன் டேங்க், ஃபில்டர், ஃபீட் பம்ப், நாசில் ஆகியவற்றைச் சோதித்து, குழாயில் காற்று சிக்கிய ஏர் லாக் இருந்தால் நீக்க வேண்டும். டீசலில் கலக்கும் தண்ணீரும் தூசியும் எலிமெண்டை அரித்துத் தேய்க்கின்றன. தேய்ந்த எலிமெண்டின் முக்கிய அறிகுறி, சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுப்பது: சூட்டில் இளகிய டீசல், ஸ்டார்ட் செய்யும்போதுள்ள குறைந்த வேகத்தில் இடைவெளி வழியே கசிந்துவிடும். பிளஞ்சரையும் பேரலையும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒன்றின் பிளஞ்சரை மற்றொன்றின் பேரலில் போடக்கூடாது. பிறகு டெஸ்ட் பெஞ்சில் பம்பைச் சுழற்றி, அளவுக் குழாய்களில் விழும் டீசலைப் பார்த்து எல்லா எலிமெண்டுகளையும் சமப்படுத்துவர். இதுவே கேலிபரேஷன். இந்த வசதியில்லாமல் பம்பின் உட்பகுதியைத் திறப்பது நல்லதல்ல.

பம்பை மீண்டும் எஞ்சினில் பொருத்தும்போது டைமிங் குறிகளைச் சேர்த்து, கைப் பம்பால் காற்றை வெளியேற்ற வேண்டும். நாசில் பீய்ச்சும் இடத்தில் கையை வைக்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.